மண்ணெண்ணெய்க் கானும் சூடைக் கூறும்

விடியப்புறம் மூன்றரை மணி. கரவெட்டியில் கோயில் மணியும் இல்லை, பஸ் இரைச்சலும் இல்லை. தம்பியின் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்த எனக்கு நித்திரை கண்ணில் துளிகூட இல்லை! எத்தனை வருடமாக நெல்லியடிச் சந்தையில் மீன் வாங்கியிருப்பேன். செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அமத்திப் பார்த்து, விலை குறைத்துக் கேட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அந்த மீன் அந்தப் பலகைக்கு எப்படி வந்தது, அதன் விலையை முதலில் யார் சொன்னார்கள், யார் யாருக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இன்றைக்கு அந்தத் திரையைத் தூக்கிப் பார்க்கப் போகிறோம். வாருங்கள்!

எங்கள் ஊரின் இருப்பே ஒரு விசித்திரம். கரவெட்டிக்குக் கடற்கரை இல்லை. தோட்டமும் பனங்கூடலும் கேணியும் பள்ளிக்கூடங்களும்தான். ஆனால் சில கிலோமீற்றர் வடக்கே போனால் பாக்கு நீரிணை. கிழக்கே போனால் மணற்காட்டுக்கு அப்பால் வங்காள விரிகுடா. தெற்கே வயல் முடிகிற இடத்தில் வடமராட்சிக் கடனீரேரி. மூன்று பக்கமும் மூன்று வகைத் தண்ணீர், மூன்று வகை மீன்! கடலைப் பார்க்காமலே கடலில் சாப்பிடுகிற ஊர் இது.

நெல்லியடிச் சந்தி, மந்திகை, பிறகு பருத்தித்துறை. முனைப் பக்கத்துக் கரையில் இறங்கியபோது இன்னும் இருட்டு. முதலில் மூக்குக்குத்தான் கடற்கரை தெரிந்தது: உப்பு, ஈர வலை, அவற்றுக்கு மேலே மண்ணெண்ணெய். பிறகு காதுக்கு. தூரத்தில் எஞ்சின் சத்தம். மணலில் குந்தியிருந்த பெரியவர் ஒருவர் அந்தச் சத்தத்தைக் கேட்டே ஆருடைய போட் என்று சொல்லிவிட்டார்! நான் வியந்து நிற்க அவர் என்னைப் பார்த்து, “என்ன பிள்ளை, மீன் வாங்கவோ வந்தனீங்கள்? இன்னும் விடியேல்லை” என்றார்.

“இல்லை ஐயா, பார்க்க வந்தனான்.”

“பாருங்கோ, பாருங்கோ. பாக்கிறதுக்குக் காசில்லை.”

போட் வந்தது. பதினெட்டு அடி பைபர் போட், பின்னால் வெளியிணைப்பு எஞ்சின். கரையில் நின்றவர்கள் கேட்காமலே ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்கள். ஒருவர் குரல் வைக்க மற்றவர்கள் மூச்சைப் பிடித்துத் தள்ள, படகு மணலில் ஏறியது. உள்ளே வலை. வலை நிறையச் சூடை! ரோச் வெளிச்சம் பட்டதும் ஆயிரம் சின்னக் கண்ணாடிகளை யாரோ ஒரேயடியாகத் திருப்பிவிட்டதுபோல் வெள்ளி அள்ளித் தெறித்தது. எனக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது.

ஆனால் படகின் சொந்தக்காரர் மீனைப் பார்க்கவேயில்லை. குனிந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் கிடந்த எண்ணெய்க் கானைத் தூக்கினார். காதோடு வைத்து ஒருதரம் குலுக்கினார். உள்ளே எவ்வளவு களகளக்கிறது என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் திரும்பி வலையைப் பார்த்தார்.

அந்த ஒரு குலுக்கலுக்காகவே இந்தப் பயணம் வந்ததுபோல் எனக்கு இருந்தது.

“இருவது லீற்றர் கொண்டு போனனான். மூண்டு லீற்றர் மிச்சம். பதினேழு போட்டுது” என்றார். நாலு பெட்டி தேறும் என்று பெரியவர் கண்ணாலேயே அளந்து சொன்னார். பெட்டிக்கு இருபத்தைந்து கிலோ வைத்தால் நூறு கிலோ. பதினேழு லீற்றருக்கு நூறு கிலோ! மனதுக்குள் கணக்குப் போட்டேன்: கிலோவுக்கு 170 மில்லிலீற்றர். ஒரு தேத்தண்ணிக் கிளாஸ் அளவு. ஒரு கிலோ சூடைக்குப் பின்னால் ஒரு கிளாஸ் மண்ணெண்ணெய் நிற்கிறது. இரண்டு நாள் முந்தி இதே படகு அறக்குளாவுக்குப் போய், அதைவிடக் கூட எண்ணெய் எரித்து, இரண்டே இரண்டு மீனோடு திரும்பியதாம். இரண்டும் சேர்ந்து ஆறு கிலோ. அது கிலோவுக்கு எத்தனை கிளாஸ் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!

மீன்பிடிப் பொருளியல் படித்தவர்கள் இதற்கு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். ஓரலகு முயற்சிக்குக் கிடைத்த பிடிப்பு என்று புத்தகத்தில் வரும். எத்தனை தொன் பிடிபட்டது என்று கேட்பது உற்பத்தி. அதைப் பிடிக்க எத்தனை மணித்தியாலம், எத்தனை வலை, எத்தனை லீற்றர் போனது என்று கேட்பது உற்பத்தித்திறன். இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடக்கூடும். தொன் ஏறும், லீற்றரும் ஏறும், மனிதன் இளைப்பான். அரசாங்கப் புள்ளிவிவரம் தொன்னைச் சொல்கிறது. முனைக் கரையில் அந்த மனிதர் கானைக் குலுக்குகிறார். எனக்கு அவருடைய கணக்கில்தான் நம்பிக்கை.

அந்தக் கானைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல விடுங்கள். இந்தச் சின்ன எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. கொஞ்சம் பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதனால் மண்ணெண்ணெய் விலைதான் வடக்குக் கடலின் விலைவாசி. 2022 ஓகஸ்டில் என்ன நடந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு லீற்றர் 87 ரூபாவாக இருந்தது ஒரே இரவில் 340 ரூபா ஆனது. இன்று நான் பார்த்த பதினேழு லீற்றரையே எடுங்கள். பழைய விலையில் 1,479 ரூபா. புதிய விலையில் 5,780 ரூபா. கடல் அதே கடல், மீன் அதே மீன், காற்றும் அதே காற்று! கரையை விட்டு இறங்குவதற்கு முன்னமே நாலாயிரத்துச் சொச்சம் ரூபா கூடுதலாகக் கடலில் போட்டாயிற்று. அதற்கு முந்திய மாதங்களில் அந்த விலைக்குமே எண்ணெய் கிடைக்காமல் கான்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதும் வலை, எஞ்சின் உதிரிப்பாகம், கயிறு எல்லாம் கூடவே ஏறின. பிறகு மண்ணெண்ணெய் விலை இறங்கியது உண்மை. 87க்கு அது திரும்பவேயில்லை.

வலையிலிருந்து மீன் கழற்றும் வேலை தொடங்கியது. ஆணும் பெண்ணுமாக ஆறேழு பேர் வலையைச் சுற்றி இருந்தார்கள். விரல்கள் போகிற வேகம்! சூடையின் தலையைக் கண்ணிக்குள்ளால் ஒரு திருப்புத் திருப்பி இழுத்தால் செதில் கூட உதிராமல் வருகிறது. நான் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன், வயிறு பிய்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்து, “இழுக்கக் கூடாது பிள்ளை, தள்ளவேணும்” என்று காட்டித் தந்தார். அடுத்தது முழுசாக வந்தது! வயிறு பிய்ந்த மீனுக்கு விலை பாதி. ஆகவே அந்த விரல்களின் பதமும் உற்பத்தித்திறன்தான், எந்த அறிக்கையிலும் எழுதப்படாவிட்டாலும்.

இந்தத் தொழிலில் சம்பளம் என்ற சொல்லே இல்லை. பங்குதான். விற்ற காசில் முதலில் எண்ணெய்ச் செலவும் சாப்பாட்டுச் செலவும் கழியும். மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் ஒரு பங்கு, கடலுக்குப் போன ஆட்களுக்கு ஒரு பங்கு. பிரிக்கிற விதம் கரைக்குக் கரை, வலைக்கு வலை மாறும். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு கெட்டித்தனமான ஏற்பாடு! கடல் நிச்சயமில்லாதது. சம்பளம் என்று ஒன்றைப் பேசினால் மீன்படாத இரவில் முதலாளி முறிந்து போவார், மீன்பட்ட இரவில் ஆள் மனம் கசந்து போவார். பங்கு என்றால் நட்டமும் வாய்ப்பும் எல்லாருக்கும் பொது. ஆனால் எண்ணெய்ச் செலவு முதலில் கழிகிறது என்பதைக் கவனித்தீர்களா? அதனால்தான் 87 ரூபா 340 ரூபா ஆனபோது முதலில் மெலிந்தது பங்குக்குப் போகிறவர் வீட்டு உலை.

சரி, இப்போது கரையின் உச்சக்கட்டம்! கீழ்வானம் வெளிறும்போது ஏலம் கூறுகிறவர் வந்து நின்றார். பெட்டிகளைச் சுற்றி ஒரு வட்டம். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிய வியாபாரிகள், நெல்லியடிக்கும் மந்திகைக்கும் கொண்டுபோகிறவர்கள், ஐஸ் லொறிக்காக வாங்குகிற ஒருவர். கூறுகிறவரின் குரல் ஒரு தாளத்தில் ஏறத் தொடங்கியது. யாரும் வாய் திறந்து கேட்டதாக எனக்குத் தெரியவில்லை! ஒருவர் நாடியை உயர்த்தினார், இன்னொருவர் கண்ணைச் சுருக்கினார், மூன்றாமவர் திரும்பி நடந்தார். நான் மூச்சு விடுவதற்குள் நாலு பெட்டியும் போய்விட்டன. தம்பியைக் கேட்டேன், “எப்ப முடிஞ்சது?” அவனுக்கும் தெரியவில்லை.

அந்த அரை நிமிடத்துக்குள் எத்தனை கணக்கு அடங்கியிருக்கிறது! மீன் காத்திராது. ஐந்து மணிக்கு ஒரு விலை, எட்டு மணிக்கு வேறு விலை, பத்து மணிக்குக் கருவாட்டு விலை. அண்டைக் கரையில் எத்தனை படகு வந்தது என்று கைத்தொலைபேசியில் முன்னமே செய்தி வந்துவிட்டது. போர்க்காலத்தில் ஏ9 வீதி மூடிக் கிடந்தபோது இங்கே பிடித்த மீனை இங்கேயே விற்றாகவேண்டியிருந்தது. இப்போது கொழும்பு லொறியும் இந்த வட்டத்தில் நிற்கிறது. அறக்குளா, பாரை, கணவாய், நண்டு என்றால் நெல்லியடிக்காரர் கொழும்போடு போட்டி போட்டுத்தான் எடுக்கவேண்டும். சூடையும் கீரியும் காரலும் இன்னும் எங்களுக்கே. வெளிநாட்டுச் சந்தைக்கு நண்டு போகத் தொடங்கிய பிறகு நண்டுக் குழம்பு எங்கள் வீட்டில் அருமையாகிப் போனதன் காரணம் இப்போது எனக்கு விளங்குகிறது.

ஏலத்தில் விழாத மீனும் உண்டு. அது கடனுக்குள் இருக்கும் மீன். எஞ்சின் வாங்க, வலை வாங்க, மகளின் கலியாணத்துக்கு என்று சம்மாட்டியிடமோ கொம்பனிக்காரரிடமோ முற்பணம் எடுத்தவர் மீனை அவருக்கே கொடுக்கவேண்டும், அவர் சொல்கிற விலைக்கு. வட்டி என்று எழுத்தில் ஒன்றும் இராது. விலைக் குறைவுதான் வட்டி. வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்பார்கள். கடலுக்கு உறுதி எழுதித் தர யாரால் முடியும்? கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இங்கே இவ்வளவு காலமாக நின்று பிடிப்பதற்குக் காரணம் இதுதான். ஏலத்தைத் தங்கள் கையில் வைத்திருக்கும் சங்கம் உள்ள கரையில் விலை பகிரங்கமாகச் சொல்லப்படுகிறது. பகிரங்கமாகச் சொல்லப்பட்ட விலையைக் குறைப்பது கடினம்.

பெரியவரிடம் மறுபடி போய் இருந்தேன். அவருடைய தகப்பன் காலத்தில் கட்டுமரம், பாய், துடுப்பு. பருத்தி நூல் வலை. உக்காமல் இருக்க மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைத்து வெயிலில் விரிப்பார்கள். 1950களின் பிற்பகுதியில் அரசாங்கம் இயந்திரப் படகு கொடுக்கத் தொடங்கியது, நைலோன் வலை வந்தது. “நைலோன் வந்த முதல் வருசம் மீன் எடுக்க இடமில்லை எண்டு அப்பர் சொல்லுவார். பிறகு எல்லாரிட்டையும் நைலோன். இப்ப ரெண்டு மடங்கு வலை விட்டும் அந்த மீன் இல்லை.”

அவர் சொன்னதைத்தான் கனடாப் பொருளியலாளர் ஸ்கொட் கோர்டன் 1954இல் ஒரு கட்டுரையாக எழுதினார்! யாருக்கும் சொந்தமில்லாத கடலில் ஒருவருக்கு நல்ல மிச்சம் வந்தால் அடுத்த வாரம் பத்துப் பேர் வருவார்கள். மிச்சம் இருக்கிறவரை படகு கூடும். வருமானமும் செலவும் சமமாகி, ஒருவருக்கும் மிச்சமில்லை என்று ஆகிற இடத்தில்தான் நிற்கும். நான் விட்டுவைத்த மீன் நாளைக்கு எனக்குத்தான் கிடைக்கும் என்ற உறுதி இல்லாதபோது யார் விட்டுவைப்பார்கள்? எங்கள் நாட்டின் தெற்குக் கரையிலேயே இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் இருக்கிறது. மாவெல்ல என்ற கிராமத்தின் கரைவலையை அவுஸ்திரேலிய மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் ஆராய்ந்தார். யார் எப்போது வலை போடுவது என்று அருமையான முறை வைத்திருந்தார்கள். ஆனால் புதிது புதிதாக வலை சேர்வதை நடைமுறையில் தடுக்க முடியவில்லை. வலை பெருகப் பெருக ஒவ்வொருவரின் முறையும் தள்ளித் தள்ளிப் போனது. எலினோர் ஒஸ்ட்ரம் தன் 1990ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இந்தக் கரையை எடுத்துப் பேசினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். இலங்கைக் கரைவலை அவ்வளவு தூரம் போயிருக்கிறது!

கரைவலை வடமராட்சி கிழக்கிலும் உண்டு. அங்கே இப்போது உழவு இயந்திரத்தால் இழுக்கிறார்கள். முன்பு இரண்டு கயிற்றிலும் வரிசையாக ஆட்கள் நின்று பாட்டுப் பாடி இழுத்த வலை. ஓராளுக்கு விழும் மீன் எவ்வளவு என்று பார்த்தால் உற்பத்தித்திறன் வானத்துக்கு ஏறிவிட்டது. இழுத்த ஆட்களின் வீட்டில் இருந்து பார்த்தால் பங்கு போய்விட்டது. எனக்கு அந்த மனிதர்களின் பக்கம்தான் மனம் போகிறது.

இவ்வளவு மீன் இந்தக் கடலில் ஏன் வந்தது? பாக்குக் குடா ஆழம் குறைந்தது. பெரும்பகுதி பத்து மீற்றர் அளவுதான். வெயில் அடிவரை இறங்கும், கடற்புல் வளரும். வாடைக்காற்று ஆறு மாதம் ஒரு பக்கம் தண்ணீரைத் தள்ள, சோளகம் மறுபக்கம் தள்ளும். கடலின் அடியை இயற்கையே உழுது உரம் போடுவதுபோல. போருக்கு முன்னர் நாட்டின் மீனில் ஏறத்தாழக் கால் பங்கு யாழ்ப்பாண மாவட்டம் கொடுத்தது. பிறகு போர் வந்தது: கடலுக்குப் போகப் பாஸ், நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, எஞ்சின் வலுக் கட்டுப்பாடு. பங்கு ஒற்றை இலக்கத்துக்கு விழுந்தது. அதற்கிடையில் 2004 மார்கழி ஆழிப்பேரலை இந்தக் கரையில் படகையும் வலையையும் ஆட்களையும் கொண்டுபோனது. இவ்வளவும் தாண்டி அந்த மனிதர் இன்றைக்கும் கானைக் குலுக்குகிறார் என்றால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வாரத்தில் எத்தனை இரவு கடலுக்குப் போவீர்கள் என்று படகுக்காரரைக் கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். திங்கள், புதன், சனி என்றால் யோசிக்கவேண்டும். தமிழ்நாட்டுப் பாக்குக் குடாக் கரையின் றோலர்கள் கடலில் இறங்கும் நாட்கள் அவை. அடிமடியை இழுத்துக்கொண்டு வருகிற றோலருக்கு இருட்டில் எங்கள் மிதவை தெரியாது. தெரிந்தாலும் இழுத்த மடியைத் திருப்ப முடியாது. ஒரு இரவில் வலை முழுவதும் போனால் பல மாதக் கடன். ஆகவே பல இரவு படகு கரையில் கிடக்கும், கடன் மட்டும் ஏழு நாளும் ஏறும். இதைவிட உற்பத்தித்திறனைக் கொல்லும் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அடிமடி, மீனை மட்டும் எடுப்பதில்லை. கடற்புல்லையும் குஞ்சையும் சிப்பியையும் சேர்த்து வழித்துக்கொண்டு போகிறது. 2017 யூலையில் இலங்கை நாடாளுமன்றம் அடிமடி இழுவைத் தொழிலைத் தடை செய்து சட்டம் இயற்றியது. எங்கள் பக்கத்திலும் இழுவை மடி இழுத்தவர்கள் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். மறுகரையில் அந்த றோலரில் நிற்பவனும் பங்குக்குப் போகிற ஏழைத் தமிழன்தான். பிடிபட்டுச் சிறையில் இருப்பவன் அவன், படகின் சொந்தக்காரர் அல்ல.

இங்கே ஒரு ஆச்சரியம். 1952இல் கையெழுத்தான இந்தோ-நோர்வே திட்டம் கேரளக் கரைக்கு இயந்திரப் படகையும் இழுவை மடியையும் கொண்டுவந்தது. அங்கிருந்து இறால் ஆசை தென்னிந்தியக் கரை முழுவதும் பரவியது. அதே நோர்வேயின் உதவியோடு 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் சீநோர் என்ற மீன்பிடி நிறுவனம் தோன்றியது. குருநகரிலிருந்து 1956இல் நோர்வேக்குப் போன அன்ரனி ராஜேந்திரம், மீன்பிடித் தொழில்நுட்பத்தைக் கற்று ஊருக்குத் திரும்பிக் கட்டிய கனவு அது. படகு கட்டினார்கள், வலை பின்னினார்கள். இரண்டு கரைக்கும் ஒரே நாட்டிலிருந்து உதவி வந்தது. ஒன்று மற்றதன் வலையை அறுக்கும் நாள் வரும் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்!

“சித்திரை பிறக்கட்டும் பிள்ளை” என்றார் படகுக்காரர். நாங்கள் போனது பங்குனி மாதம். ஏப்ரல் 15 முதல் யூன் 14 வரை, 61 நாள், தமிழ்நாட்டில் றோலர்களுக்குத் தடைக்காலம். மீன் இனம் பெருக என்று அங்கே போட்ட தடை இங்கே எங்கள் வலைக்கும் காவல். வருடப்பிறப்புக்கு மறுநாளே தொடங்குகிற அந்தத் தடைதான் வடமராட்சிக் கரைக்குக் கிடைக்கிற உண்மையான கைவிசேஷம்.

சூரியன் மேலே வந்துவிட்டது. மேற்கே பார்த்தேன், அந்தப் பக்கம் வல்வெட்டித்துறை. அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், பெயர் மாறி, கடல் கடலாகத் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் போய் நின்ற கதையை நாங்கள் எல்லோரும் பெருமையோடு சொல்வோம். குளொஸ்ரர் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? கொட் மீனின் தலைநகரம்! வள்ளம் வைத்தால் மீன் தானாக ஏறும் என்ற பேர் பெற்ற கடல். அந்தக் கடலிலும் பெரிய இழுவைக் கப்பல்கள் வந்தன. 1994 டிசம்பரில் அதன் மிகச் சிறந்த மீன்பிடி மேடையின் பெரும் பரப்பை மூடவேண்டி வந்தது. அதற்கு இரண்டு வருடம் முந்தி, வடக்கே நியூபவுண்ட்லாந்தில் கொட் பிடிப்பதையே கனடா நிறுத்திப் பல்லாயிரம் பேர் ஒரே நாளில் தொழில் இழந்தார்கள். எங்கள் கப்பல் போய் நின்ற துறையில் நடந்தது எங்கள் துறையில் நடக்கக்கூடாது என்று மனம் பதறுகிறது.

திரும்பும் வழியில் தம்பியைக் கெஞ்சி வல்லைப் பக்கம் விடச் சொன்னேன். வல்லைப் பாலத்தடியில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். இங்கே மண்ணெண்ணெய் இல்லை, எஞ்சின் இல்லை! ஒரு வலை, ஒரு கூடை, இறால். இந்தத் தண்ணீருக்கும் ஒரு பொருளியல் உண்டு. எஸ். ஆறுமுகம் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு வேண்டும் என்று திட்டம் வரைந்தார். 1950களில் தொண்டைமானாற்றில் கட்டிய தடுப்பணையும் அந்தக் கனவோடு சேர்ந்தது. கடல்நீரை மறித்து ஏரியை நன்னீராக்கினால் கிணறுகள் இனிக்கும், தோட்டம் செழிக்கும். ஆனால் இறால் குஞ்சு கடலிலிருந்து அந்த வாயால்தான் உள்ளே வரும். கதவு பூட்டினால் விவசாயிக்கு இலாபம், திறந்தால் வலைகாரருக்கு. கரவெட்டியில் தோட்டமும் எங்களுடையது, இறால் சொதியும் எங்களுடையது. இரண்டுக்கும் இடம் விட்டுக் கதவைத் திறக்கவும் பூட்டவும் காலம் குறிக்கவேண்டுமென்றால், இந்த மனிதரையும் கூப்பிட்டு இருத்திக் கேட்கவேண்டும்.

நெல்லியடிச் சந்தைக்குள் நுழைந்தபோது மணி எட்டரை. என் கண்களே மாறிவிட்டன! நேற்றுவரை நான் கண்டது மீன். இன்றைக்குக் கூறுகூறாக லீற்றர் தெரிகிறது. சின்னச் சின்னக் குவியலாகச் சூடை, பக்கத்தில் ஓரா, விளைமீன், துண்டு போட்ட சுறா. விற்கிற அம்மாவிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன். “நாளைக்கு வெள்ளி பிள்ளை, இண்டைக்குக் கொஞ்சம் போகும்” என்றார். எங்கள் சந்தையை ஆட்டிவைக்கும் பெரிய சக்தி கொழும்பு லொறி அல்ல, பஞ்சாங்கம்! வெள்ளிக்கிழமை பாதி வீடுகளில் மரக்கறி. நல்லூர்க் கொடி ஏறினால் இருபத்தைந்து நாள். சந்நிதித் திருவிழா, கந்தசட்டி. கடல் நிறையத் தருகிற நாளில் சட்டி காய்ந்து கிடந்தால் விலை மண்ணில் விழும். அந்த மீன் உப்பில் இறங்கிக் கருவாடாகும். கரணவாய்ப் பக்கத்து ஏரிக்கரையில் விளையும் உப்பு இதே ஊர் மீனோடு சேர்கிற அழகை நினைத்தால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கதை நினைவுக்கு வந்தது. எந்த வலைக்கும் அகப்படாமல் கடலில் துள்ளித் திரிந்த ஒரு மீன். வல்லிநாச்சி என்ற கரையோரப் பெண்ணின் மடியில் தானாக வந்து விழுந்து சக்கரமாகியது என்பார்கள். அந்தச் சக்கரம்தான் இன்றைக்கும் அங்கே மூலவர். அகப்படாத மீனைக் கும்பிடுகிற ஊர் எங்களுடையது!

ஒரு கிலோ சூடை வாங்கினேன். விலை குறைத்துக் கேட்கவில்லை. அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நாலைந்து மீன் கூடப் போட்டார்.

வீட்டில் அம்மா முற்றத்தில் சட்டியும் கத்தியுமாகக் காத்திருந்தார். பையை வாங்கி, ஒன்றை எடுத்து விரலால் அமத்திப் பார்த்தார். விடியப்புறத்து மீன் என்று முகம் மலர்ந்தது.

“என்ன விலை?”

“ஒரு கிளாஸ் அம்மா.”

“என்ன?”

முனைக் கரை, கான், பதினேழு லீற்றர், நாலு பெட்டி எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா கத்தியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, “அந்த ரெண்டு அறக்குளாவும் என்ன விலைக்குப் போச்சுதாம்? எண்ணெய்க் காசெண்டாலும் வந்ததோ?” என்றார்.

அதை நான் கேட்க மறந்துவிட்டேன். நாளைக்கு மறுபடி மூன்றரைக்கு எழும்பவேண்டும்.

“சரி, முதல் செதிலைச் சீவு” என்றார் அம்மா.